கறுப்புக் கல்லில் சாத்தி வைத்த உன் படம்

என் அருமைத் தவமணிக்கு,

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் எப்படிக் கேலி செய்வேன் என்பது உனக்குத் தெரியும். பெறுகிறவர் மறுத்துப் பேச மாட்டார் என்ற துணிவில், எழுதுகிறவர் தம்மை நல்லவராக்கிக்கொண்டு கையெழுத்திடுவதுதான் அந்தக் கடிதங்களின் வழக்கம். இதில் அதைச் செய்யாதிருக்க முயல்கிறேன்.

நீ போய் ஓராண்டாகும் உன் ஆட்டத்திவசத்தன்று உன் மகன் குகன் வருகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் கொடுக்கப் போகிறான். அதன் அட்டையைத் திறந்தவுடன் மடியில் விழும்படி இந்தக் கடிதம் உள்ளே வைக்கப்படும். அட்டைப் படத்தைப் பார்த்து, "எவ்வளவு வடிவாய் வந்திருக்குது" என்று சொல்லப் போகிறவர்கள், சொல்வதற்கு முன் இதைப் படிக்கட்டும்.

முதலில் செய்தி. நாங்கள் கிரேக்க நாட்டுத் தீவான றோட்ஸுக்குப் போய் வந்தோம். நீ திட்டமிட்டு, நீ ஆள் சேர்த்து, புறப்படுவதற்கு முன்பே நீ போய்விட்ட அந்தப் பயணம். நார்த்மீட் மூத்தோர் வட்டத்தில் பாதிப் பேர், "தவமணி ரீச்சர் இல்லாமல் என்ன பயணம்" என்றார்கள். தலைவர் சிவஞானம் அண்ணை மட்டும், "அவவுக்காகவே போகவேணும்" என்றார். ஒலிவாங்கி தேவையில்லாத குரலும் கையில் எப்போதும் ஓர் ஒலிவாங்கியும் உள்ள மனிதர் அவர். அவர் வென்றார்.

நீ புத்தகங்களில் மட்டும் கண்ட ஊரை நான் கண்ணால் கண்டேன். இதில் நியாயம் எதுவும் இல்லை. பேராதனையில் வரலாறு படித்தவள் நீ; நான் பொருளியல் படித்துவிட்டு உன் அண்ணனைக் கட்டினேன். இந்த நாட்டுக்கு வந்தபின் செவன் ஹில்ஸில் மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நூலகப் புத்தகத்தை மடியில் விரித்து அந்தத் தீவின் பழைய நகரத்துத் தெருக்களை மனப்பாடம் செய்தவளும் நீதான். "ஒரு சின்னத் தீவு. எத்தினை பேர் வந்து பிடிச்சவை எண்டு பார். ஒவ்வொருத்தரும் போகேக்க எதை விட்டிட்டுப் போனவை எண்டதுதான் சரித்திரம்" என்பாய். எங்கள் தீவைப் பற்றித்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

மதில் நீ சொன்னது போலத்தான் இருக்கிறது. மஞ்சள் நிறக் கல். சில இடங்களில் ஒரு வீட்டின் அகலத்துக்குத் தடிப்பு. சுற்றிவர இருக்கும் அகழியில் ஒருபோதும் தண்ணீர் நின்றதில்லையாம். இப்போது அதற்குள் மரமும் நடைபாதையும். பீரங்கிகள் சுட்ட கல்லுருண்டைகள் நீத்துப்பூசணிக்காய் போல ஆங்காங்கே குவிந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கோட்டையைக் கட்டியவர்களும் இந்தக் கணக்கைத்தான் படித்திருப்பார்கள்: சுவர் எவ்வளவு சாய்ந்தால் குண்டு எவ்வளவு வழுக்கும் என்பது.

முன்பு இந்தத் தீவை ஆண்ட, துறவிகளாகவும் போர்வீரர்களாகவும் ஒரே நேரத்தில் இருந்த சிலுவைப்போர்ப் பிரபுக்களின் தெரு ஒரு மேட்டில் ஏறுகிறது. பிரெஞ்சு பேசியவர்களுக்கு ஒரு மாளிகை, இத்தாலியருக்கு ஒன்று, ஸ்பானியருக்கு ஒன்று; ஒவ்வொன்றின் நெற்றியிலும் குலச்சின்னம். எதிரி கடலில் நிற்கும்போதும் அவர்கள் மொழிவாரியாகத் தனித்தனியே உண்டார்கள். சிட்னியில் நாங்கள் ஊர்வாரியாகச் சங்கம் வைத்திருப்பது நினைவுக்கு வந்தது. சொல்லிச் சிரிக்க நீ இல்லை.

மேட்டின் உச்சியில் அவர்களுடைய மாதலைவரின் அரண்மனை. சிவஞானம் அண்ணை அதன் தூண்களைத் தடவி, "அந்தக் காலத்து ஆக்களின்ர வேலை பாத்தியளே" என்று உருகினார். அந்த அரண்மனை வெடிமருந்து வெடித்துப் பாழாகிக் கிடந்தது என்றும், தீவை ஆண்ட இத்தாலியர் சென்ற நூற்றாண்டில் தங்கள் அரசனுக்கும் சர்வாதிகாரிக்கும் கோடை மாளிகையாக அதைத் திரும்பக் கட்டினார்கள் என்றும், தரையிலுள்ள பழைய ஓவியக் கற்களைப் பக்கத்துத் தீவிலிருந்து பெயர்த்து வந்தார்கள் என்றும் நீ எனக்குச் சொல்லியிருந்தாய். நான் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தைக் குறித்துக்கொள், பிறகு வருகிறேன்.

துறைமுக வாயிலில் இரண்டு தூண்களின் மேல் ஓர் ஆண்மானும் ஒரு பெண்மானும் நிற்கின்றன. உலக அதிசயமாக இருந்த வெண்கலச் சிலை அங்கே காலை விரித்து நின்றது என்பது கட்டுக்கதை. சிவஞானம் அண்ணையின் மனைவி மணி அக்கா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரமேஸ், இந்த மான் ரெண்டும்தானோ அதிசயம்?" என்றா. "இல்லை அக்கா, அது விழுந்து போச்சு." "விழுந்ததைப் பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்?

இனி, நான் சொல்ல வந்தது.

சிவஞானம் அண்ணை தன் பெட்டிக்குள் உன்னைக் கொண்டு வந்திருந்தார். சட்டமிட்ட படம், துணிப்பூ மாலை, பற்றரியில் எரியும் குத்துவிளக்கு, ஆளுயரப் பதாகை. பதாகையில் 'கண்ணீர் அஞ்சலி' என்றும் அதன் கீழ் மூத்தோர் வட்டத்தின் பெயரும் சிட்னி என்பது ஆங்கிலத்திலும் இருந்தன. "தவமணி ரீச்சரின்ர கனவு ஊரில அவவுக்கு ஒரு அஞ்சலி செய்யாமல் திரும்புறதே?" என்று கேட்டார். யார் மறுப்பது? நம்முடைய ஆட்களுக்கு எந்த ஊரிலும் ஒரு மண்டபமும் ஒரு மேசையும் ஒரு படமும் வேண்டும்.

அரண்மனை முற்றத்தில் பதாகையை விரித்தபோது காவலாளி வந்து கையசைத்து மடிக்கச் சொன்னாள். இளஞ்சிவப்பு நிறச் சுலைமான் பள்ளிவாசலின் முன்னே நிறுத்தலாம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் முகத்தைச் சுளித்தார். கடைத்தெருவில் இடமில்லை. வெயில் ஏறிவிட்டது, எல்லோருடைய முழங்கால்களுக்கும் ஒரே வயதுதான். இறங்கி இறங்கி, கடற்குதிரைகள் தண்ணீர் துப்பும் ஒரு நீரூற்றுச் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். மர நிழல் இருந்தது. உட்கார நீள வாங்கு இருந்தது. மரங்களுக்கு நடுவே, படம் சாத்தி வைக்க அளவெடுத்துச் செய்தது போல, பளபளப்பான ஒரு கறுப்புக் கல் நின்றது.

அது எந்தச் சதுக்கம் என்று உனக்குத் தெரியும். நார்த்மீட்டில், என் குசினி மேசையில், வரைபடத்தை விரித்து நீ விரலை வைத்தாயே, அதே இடம். "இது யூதரின்ர பகுதி. ஸ்பெயினிலயிருந்து துரத்தினாப் பிறகு இஞ்ச வந்து இருந்தவை. துரத்தின நாட்டின்ர பாசையை நானூறு வரியம் காப்பாத்தினவை. எங்கட பிள்ளையள் இருபது வரியம் தாங்குதுகளில்லை. ரெண்டாம் உலகப் போர் முடிய ஒரு வரியம்கூட இல்லை, நாசியள் அவையளைக் கப்பலில ஏத்திக் கொண்டுபோய்க் கொன்றுபோட்டாங்கள். திரும்பி வந்தது கொஞ்சப் பேர்." பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னாய்: "பரமேஸ், அந்த இடத்தில ஒருத்தரும் படம் எடுக்கக் கூடாது. கதைக்கவும் கூடாது. சும்மா நிண்டிட்டு வரவேணும். நீதான் இவையளை அடக்கவேணும்."

"நீ இன்னும் வகுப்பெடுக்கிறதை விடேல்லை" என்றேன். ஆனாலும் ஓம் என்றேன்.

கல்லின் பல பக்கங்களிலும் பல மொழிகளில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்த பக்கம் என்னைப் பார்த்தபடி இருந்தது. நான் வாசித்தேன்: கப்பலேற்றிக் கொல்லப்பட்ட அந்த மக்களின் நினைவுக் கல் அது. மற்றவர்கள் நிழலைப் பார்த்தார்கள். நான் ஒருத்திதான் எழுத்தைப் பார்த்தவள். சிவஞானம் அண்ணை உன் படத்தைக் கல்லில் சாத்தினார். மணி அக்கா மாலையைச் சரிசெய்தா. விளக்கு எரிந்தது. வாயைத் திறக்க எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது.

ஏன் திறக்கவில்லை? களைப்பு என்று சொல்லலாம். குழப்பம் வேண்டாம் என்று நினைத்தேன் எனலாம். இரண்டும் பொய். கறுப்புக் கல்லின் முன் உன் முகம் மிகவும் பொருத்தமாக இருந்தது. ஒரு பெரிய மனுசிக்குரிய மரியாதை உனக்குக் கடைசியில் கிடைத்தது போல இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

தேவாரம் பாடினார்கள். அக வணக்கம் செய்தார்கள். பதாகையை இருபக்கமும் பிடித்து நின்று படமும் எடுத்துக்கொண்டோம். சிவஞானம் அண்ணை உன்னைப் பற்றிப் பேசினார், பாதி உண்மை. கோப்பிக் கடைகளில் இருந்த உல்லாசப் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். வெள்ளைத் தொப்பி, கையில் ஊன்றுகோல். பதாகையில் சிட்னி என்று கண்டுவிட்டு, சந்தேகமே இல்லாத அவுஸ்திரேலிய ஆங்கிலத்தில், தான் மெல்பேர்ணிலிருந்து வருவதாகச் சொன்னாள். தன் தாயின் தாய் இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள் என்றாள். யூதர்களின் தொழுகைக் கூடத்துச் சுவரில் குடும்பங்களின் பெயர்ப் பலகை இருப்பதாகவும், அதைப் பார்த்துவிட்டு நேரே வருவதாகவும் சொன்னாள். பிறகு உன் படத்தைக் காட்டி, "இவரும் இங்கிருந்தவர்களின் வழியில் வந்தவரா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். நம் ஆட்கள் ஆட்டும் அந்த ஆட்டம். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் சட்டைப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். சிரமப்பட்டுக் குனிந்து அதை உன் படத்தின் முன் வைத்தாள். "நாங்கள் பூ வைப்பதில்லை. யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியக் கல் வைப்போம்" என்று எனக்கு விளக்கினாள். தன் பாட்டிக்கென்று கொண்டுவந்த கல் அது, தவமணி. என் தோளைத் தொட்டு, "உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டிப் போய்விட்டாள். அவள் தெருமூலை திரும்பும்வரை எனக்குச் சந்தர்ப்பம் இருந்தது. எவரையும் பேசவிடாத பரமேசுவரி அன்று ஊமையாக நின்றாள்.

பிறகு எல்லாவற்றையும் கட்டும்போது மணி அக்கா, "ஆரோ கல்லொண்டு போட்டிருக்கினம்" என்று முந்தானையால் அதைத் தட்டிவிட்டா. அது என் செருப்பருகே உருண்டு வந்தது. நான் எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். அதையாவது அந்தக் கறுப்புக் கல்லின் அடியில் திரும்ப வைத்திருக்கலாம். அதற்கும் கை வரவில்லை.

சிட்னி விமான நிலையத்தில், மண் கல் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்றேன். பரிசோதித்த பெண் அதை உருட்டிப் பார்த்து, "நினைவுப் பொருளா?" என்றாள். நான் கைப்பையைத் திறந்து பிடித்தேன். "சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று திருப்பித் தந்தாள்.

போன ஞாயிறு குகன் வீட்டில் திவச ஒழுங்குகள் பேசினோம். மேசையில் நினைவு மலர் கிடந்தது. அட்டையில் கறுப்புக் கல். அதில் சாய்ந்து மாலையோடு நீ. இருபக்கமும் நாங்கள், பதாகையைப் பிடித்தபடி. உன் தோளுக்கு மேலே அவர்களுக்காகப் பொறித்த எழுத்து பாதி தெரிகிறது.

"இந்தப் படம் போகக் கூடாது" என்றேன்.

"மாமி, அச்சடிச்சு முடிஞ்சுது. எல்லாம் கராஜில அடுக்கிக் கிடக்கு."

"ஏன் தங்கச்சி, படம் வடிவாய்த்தானே இருக்கு?" என்றார் சிவஞானம் அண்ணை.

அது என்ன கல் என்று சொன்னேன். குகன் மலரைத் தன் பக்கம் இழுத்து அட்டையைப் பார்த்தான். பிறகு அண்ணை, "நாங்கள் கெட்ட எண்ணத்தில செய்யேல்லையே. அந்த வெள்ளைக்காரிகூடக் கும்பிட்டிட்டுத்தானே போனவ" என்றார்.

"அவ கும்பிட்டது எங்களையில்லை, அண்ணை. ஊரில எங்கட நினைவுக் கல்லுகளை இடிச்சவங்களைப் பற்றி வரியா வரியம் நீங்கள்தானே பேசுறியள். இனி ஒண்டு எழும்பி, அதில ஆரோ உல்லாசப் பயணி தன்ர பெரியம்மாவின்ர படத்தைச் சாத்தி வைச்சுப் பாட்டுப் பாடினால் என்ன சொல்லுவியள்?"

"அது வேற."

"என்ன வேற?"

மணி அக்காதான் பேசினா. "பரமேஸ், நான் தட்டிவிட்ட அந்தக் கல்... அது அந்த மனுசி வைச்சதோ?"

"ஓம் அக்கா."

"பூ வைக்கிற மாதிரியோ?"

"ஓம்."

"ஐயோ" என்றா. எழுந்துபோய்க் குசினித் தொட்டியில் கை கழுவினா. வெகுநேரம் கழுவினா. அந்தச் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

நான் அப்போது நீதிபதி மாதிரி நிமிர்ந்து இருந்தேன், தவமணி. அறியாதவர்களுக்கு அறிவு புகட்டியவளின் முகம் எனக்கு நன்றாகப் பொருந்தும். குகன் யோசித்துவிட்டு, "சரி மாமி, உள்ளுக்க ஒரு தாள் வைப்பம். 'இடத்தின் வரலாறு அறியாமல் எடுக்கப்பட்ட படம், வருந்துகிறோம்' எண்டு போடுவம். நீங்களே எழுதித் தாங்கோ" என்றான். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான். உன் மகன் கெட்டிக்காரன். ஒரே வரியில் என்னையும் அறியாதவர்களோடு சேர்த்துக் கரையேற்றிவிட்டான். நானும் தலையை ஆட்டினேன். அதே ஆட்டம்.

வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. அறியாமல் எடுத்தவர்கள் அவர்கள். மணி அக்கா தட்டியதும் அறியாமல்தான். அதற்கே அவ கை கழுவிக்கொண்டிருக்கிறா. அறிந்து நின்றவள் நான் ஒருத்தி. உன் வாயால் கேட்டிருந்தேன், என் கண்ணால் வாசித்தேன், அந்தப் பெண் கேட்டபோது பொய்யாகத் தலையாட்டினேன். அரண்மனையில் சிவஞானம் அண்ணையின் அறியாமையை இரகசியமாகச் சுவைத்தேன் என்றேனே. சதுக்கத்தில் அதே அறியாமைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். படித்தவர்களுக்கு இந்த வித்தை இலேசாக வரும்.

ஆகவே ஒரு வரிக்குப் பதிலாக இந்தக் கடிதம். இதுவரை எழுதியதைக் குகனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். "மாமி, இது ஊரெல்லாம் வாசிக்குமே" என்றான். "அதுக்குத்தான் தம்பி" என்றேன். "அம்மா இருந்தால் உங்களை நல்லாய்ப் பேசியிருப்பா" என்றான். பேசியிருப்பாய்தானே? என்ன சொல்லியிருப்பாய்? ஓராண்டாக எவரும் என்னைத் திட்டவில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று இப்போதுதான் தெரிகிறது.

உன் படத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நீ படத்தில் நன்றாக இருக்கிறாய். உன் முதுகுக்குப் பின்னால் எத்தனை பேரை மறைத்துவிட்டோம் என்பதுதான் என்னைத் தின்கிறது. அவர்களுக்குப் புதைகுழி இல்லை. அந்த ஒரு கல்தான். அதைத்தான் நாங்கள் உனக்குச் சுவராக்கினோம். சரித்திரம் என்பது ஒவ்வொருவரும் போகும்போது எதை விட்டுப் போனார்கள் என்பது என்றாய். நாங்கள் எதை விட்டு வந்தோம்? துணிப்பூவின் இரண்டு இதழ்களை.

கூழாங்கல் என் குசினி யன்னல் ஓரத்தில் இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது அது என் முகத்துக்கு நேரே இருக்கும். அதை அந்தப் பெண்ணிடம் கொடுக்க வழியில்லை. மெல்பேர்ண் பெரிய ஊர், பெயரும் கேட்டுக்கொள்ளவில்லை. கிளென் வேவர்லியில் இருக்கும் என் மகனிடம், மறுபடியும் றோட்ஸுக்குப் போகப் போகிறேன் என்று சொன்னேன். "Amma, are you serious? For a stone?" என்றான். ஓம் என்றேன். இம்முறை தலையை ஆட்டவில்லை, வாயால் சொன்னேன்.

வெயில் ஏறுமுன் வசந்த காலத்தில் போவேன். தனியாகப் போவேன். பதாகையும் விளக்கும் உன் படமும் வராது. மனம் கோணாதே, அங்கே உன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டேன். கல்லை அந்தக் கல்லின் அடியில் வைப்பேன். பிறகு, நீ சொன்னபடி, சும்மா நின்றுவிட்டு வருவேன்.

உன் அண்ணனைக் கட்டிய நாளிலிருந்து உன்னிடம் பேச்சு வாங்கியவள், இன்னும் வாங்க வேண்டியவள்,
உன் மச்சாள்
பரமேசுவரி
நார்த்மீட், சிட்னி